ஓவிய இயக்கங்களின் பெயர்கள் குழம்பாமலிருக்க ஒரு செய்முறை

தில்லிக்கு வந்த புதிதில், இயக்கங்களை ஆண்டு வாரியாக மனப்பாடம் செய்துகொண்டு, இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தைச் சுற்றி வந்தும் ஒரு படத்தைக்கூட என்னால் இனங்காண முடியவில்லை. பிறகு கைகொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டில் மூன்று பத்திகள் வரையுங்கள்: பெயர், அதைச் சூட்டியவர், ஆண்டு. செயலிகள் வேண்டாம், கையால் எழுதியதே எனக்கு மனத்தில் நின்றது.

அடுத்து அவற்றை நிரப்புங்கள். இம்ப்ரெஷனிசம் என்பது 1874இல் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் சூரிய உதயப் படத்தைக் கண்ட லூயி லெருவா என்ற விமர்சகரின் கேலியிலிருந்து வந்தது. 1905இல் வந்த ஃபோவிசமும் அப்படியே. ஃப்யூச்சரிசம் (1909), சர்ரியலிசம் (1924) ஆகியவையோ இயக்கத்தினரே தம் கொள்கையை அறிவித்து வெளியிட்ட அறிக்கையோடு வந்தவை. அறிக்கை இருந்தால் அதை முதலில் படியுங்கள். கேலிப்பெயர் என்றால் படத்தை முதலில் பாருங்கள்.

நான் இடறியது போஸ்ட்-இம்ப்ரெஷனிசத்தில்தான். ‘போஸ்ட்’ (பின்) என்றதும் அதை இம்ப்ரெஷனிசத்தின் இரண்டாம் பாகம் என்றே எண்ணிவிட்டேன். உண்மையில் அது 1910இல் லண்டனில் நடத்திய கண்காட்சிக்காக ஆங்கிலேயக் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை சூட்டிய பெயர். அதற்குள் அந்தப் பெயரில் அடங்கிய ஓவியர்களான வான்கோ, கோகன், செசான் மூவருமே இறந்துவிட்டிருந்தார்கள். தனித்தனி வழியில் சென்றவர்களைச் சேர்த்துக் கட்டிய பெயர் என்பதால், அதில் ஒரே பாணியைத் தேடினால் கிடைக்காது.

இனி படத்தின் முன் நில்லுங்கள். இந்திய ஓவியர் அம்ரிதா ஷேர்கில் 1935இல் வரைந்த ‘மூன்று பெண்கள்’ இந்தக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. பாரிஸில் பயின்றவர் என்பதால் இம்ப்ரெஷனிசம் என்று நான் எழுதி, பிறகு அடித்தேன். அந்தப் படத்தில் ஒளி சிறு சிறு தீற்றல்களாகச் சிதறவில்லை; வண்ணம் அகன்ற பரப்புகளாகப் படிந்திருக்கிறது, பின்னணி வெறுமையாக இருக்கிறது, மூவரில் ஒருவரும் நம்மைப் பார்ப்பதில்லை. கோகனின் சாயல் அங்கேதான் பிடிபட்டது.

பின்சேர்க்கை: ‘நவீன’ என்றால் இன்றைய ஓவியம்தானே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பேச்சுவழக்கில் சரி, கலை வரலாற்றில் இன்றையதைச் ‘சமகால’ என்பார்கள். இக்கலைக்கூடத்தின் சேகரிப்பு 1850களிலிருந்தே தொடங்குகிறது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர்கள். நான் ஒருமுறை மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.