பழைய பிக்கப்புக்குப் புதுச் சைலன்சர்

பண்ணைப் பாலத்தால ஊர்காவற்றுறைக்கு ஓடுற வாகனத்துக்கு உப்புத்தான் எமன். என்ர 2.8 லீற்றர் டீசல் பிக்கப்பின்ர சைலன்சர் உக்கி, சத்தத்தோட புகையும் உள்ளுக்க வரத் தொடங்கிச்சு. அந்தப் புகையில கார்பன் மொனொக்சைட் இருக்கு, ஆறப்போடக்கூடாத வேலை.

திரும்பவும் இரும்புக் குழாய் போட மனமில்லை. 304 ரக ஸ்ரெயின்லெஸ் (லேசில துருப்பிடிக்காத உருக்கு) குழாய் வாங்கினன்: 18 வீதமளவில குரோமியம், 8 வீதமளவில நிக்கல். விட்டம் 2.25 அங்குலம். டர்போ (காற்றை அமத்தி எஞ்சினுக்குள்ள தள்ளுற பாகம்) இல்லாத எஞ்சினுக்கு அதைவிடப் பெருப்பிச்சுப் பெரிய பலன் இல்லை, சத்தம்தான் கூடும்.

சூட்டில 304, சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். அதனால எல்லா இடத்தையும் இறுக்கிப் பூட்டாமல் றப்பர் கொழுவிகளில தொங்கவிட்டம். எஞ்சினுக்குக் கிட்ட ஒரு நெளியிற குழாய். இல்லையெண்டால் எஞ்சின் ஆட்டத்துக்கு ஒட்டு வெடிச்சுப்போகும். பழைய இரும்பு பிளாஞ்சோட (குழாய்களைச் சேர்த்துப் பூட்டுற தட்டு) ஸ்ரெயின்லெஸ்ஸை ஒட்ட 309 ரக வெல்டிங் கம்பிதான் வேணும் எண்டு வெல்டிங் அண்ணை ஒற்றைக்காலில நிண்டார். அவர் சொன்னது சரி. வெல்டிங்குக்கு முதல் பற்றரி வயரைக் கழற்றுங்கோ, பற்றரியைச் சார்ஜ் பண்ணுற ஓல்ரனேற்றருக்குள்ள இருக்கிற டயோட்டுகள் எண்ட மின் பாகங்கள் தப்பும்.

மனிபோல்ட் (எஞ்சினில இருந்து புகையை வெளிய எடுக்கிற முதல் குழாய்) நட்டுகள் துருவில இறுகிக் கிடந்தது. முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைச்சு, சூடாக்கி, மெல்ல மெல்லத் திருப்பினம். அவசரப்பட்டால் ஸ்ரட், அதாவது நட்டுப் பூட்டுற மரை ஆணி, முறியும்.

இப்ப உள்ளுக்குள்ள புகை மணமே இல்லை. ஆனா கறுப்புப் புகை குறையும் எண்டு நினைச்சு இதைச் செய்யாதேங்கோ. அது டீசலை விசிறுற இஞ்செக்டர், எயார் பில்டர் சம்பந்தப்பட்டது. புகைப் பரிசோதனைக்குப் போக முதல் அதுகளைப் பாருங்கோ.