காங் யாட்சே ஏறப் போகிறவர்கள் லேயிலேயே செய்துவிடும் தவறு

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் காங் யாட்சே-2 சுமார் 6,250 மீட்டர் உயரம். மலையேற்றத்தில் பெரிய அனுபவம் இல்லாதவர்களும் ஏறலாம் என்று பெயர் வாங்கிய சிகரம். அந்தப் பெயர்தான் வினை.

டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் லே வந்துவிடும். ஆனால் ஊர் இருப்பதோ காற்று மெலிந்த 3,500 மீட்டரில். காலையில் சமவெளியில் காபி குடித்த உடம்புக்கு இது புரிய நேரமாகும். முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, உற்சாகமாகக்கூட இருக்கும். அந்த உற்சாகத்தில் சாந்தி ஸ்தூபியின் படிகளில் ஏறிப் படம் எடுப்பார்கள், மறுநாள் வாடகை பைக்கில் இன்னும் உயரத்தில் இருக்கும் கர்துங் லா கணவாய்க்குக் கிளம்புவார்கள். இரவில் மண்டை இடிக்கும். இரண்டு நாள் அறையிலும் கடைத்தெருவிலும் சும்மா கழிப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. பகலில் இன்னும் மேலே போய் இறங்கலாம். எங்கே தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் இந்தக் கணக்கைத் தாண்டலாம் என்று நினைப்பது தவறு. சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது, வழிகாட்டி திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று தலைவலியை மறைப்பது. சந்தேகம் வந்தால் கூட வருபவரைக் குதிகாலை விரலோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உச்சிக்கு நள்ளிரவு வாக்கில் கிளம்புவது பனி இறுகியிருக்கும் என்பதால்தான். வெயில் ஏறினால் அதே பனி இளகிப் பாதத்தை உள்ளே வாங்கும். ஆகவே திரும்பும் நேரம் என்று வழிகாட்டி குறித்த மணி வந்ததும், உச்சி கூப்பிடு தூரத்தில் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

தண்ணீர்ப் பையின் குழாயை அந்த இரவில் நம்பாதீர்கள், உறைந்துவிடும். வாய் அகன்ற பாட்டிலை உறை போட்டுத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேற்புறத்தில்தான் முதலில் உறையும், மூடிப்பக்கம் தப்பிக்கும்.