இறங்கிக்கொண்டே இருந்த சீட்

பழைய சைக்கிள், ரெனால்ட்ஸ் 531 என்ற எஃகுக் குழாயில் செய்த பிரேம். மறுபெயின்ட் அடித்ததில், எந்த வகை டியூப் என்று சொல்லும் ஸ்டிக்கர் போய்விட்டது. அரை மணி ஓட்டினால் சீட் ஒரு விரல் அளவு இறங்கிவிடும். போல்ட்டை முறுக்கினேன், கிரீஸைத் துடைத்தேன், அலுமினியத் தகடு சுற்றினேன். நான்கு நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: சீட் டியூபின் (சீட் போஸ்ட் நுழையும் பிரேம் குழாய்) வாயில், வெட்டுக்கு இருபுறமும் இருக்கும், போல்ட் இறுக்கும் இரண்டு காதுகளும் மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு கூடாது.

சீட்டைத் தாங்கும் தண்டான போஸ்ட்டை அளந்தேன்: விட்டம் 26.8 மி.மீ. சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6. சாதா டியூபானாலும் பட்டட் டியூபானாலும் (சுவரின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவது) வெளியே இதே அளவுதான், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வித்தியாசம் சுவரில். 0.9 மி.மீ. சுவர் என்றால் உள்விட்டம் 26.8 வரும். பட்டட் டியூபில் மேல்முனை சுமார் 0.6தான், உள்ளே 27.4 வரும்.

வாயில் அளந்தால் தப்பாகக் காட்டும், அங்கே நெளிந்திருக்கும். வெட்டுக்குக் கீழே அளந்தேன்: 27.4. காதுகளை மெல்ல விரித்து 27.2 போஸ்ட் போட்டேன். கையால் அழுத்தினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, ஆட்டமில்லை. 200 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. போஸ்ட்டில் ஒட்டிய டேப் அடையாளம் நகரவே இல்லை. அப்பாடா!