பனையோலையில் ஒரு புரதம் செய்வோம்

ஒட்டுசுட்டான் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். புரதத்தின் நாலு கட்டமைப்பு நிலைகளும் அவர்களுக்குப் பாடம். கீறச் சொன்னால் மட்டும் நாலு வேறு சாமான் கீறுவார்கள். இருப்பது ஒரே இழைதான். வளவில் ஒரு பனங்குருத்து இருந்தால் செய்தே பார்க்கலாம்.

ஈரமான குருத்தோலையில் 3 மில்லிமீற்றர் அகலம், 22 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு வார் கிழியுங்கள். 6 மில்லிமீற்றருக்கு ஒன்றாக 36 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் அலகு; இடையிலுள்ள ஓலை அவற்றைக் கோக்கும் பெப்தைட்டுப் பிணைப்பு. 4, 8, 11, 15, 22, 26, 29, 33 ஆகியவற்றைச் சிவப்பாக்குங்கள். இவை தண்ணீரோடு ஒட்டாதவை. இந்த வரிசைதான் முதல்நிலை.

சரி, இப்போது வாரைப் புள்ளி வெளியே தெரிய ஒரு பென்சிலில் சுற்றுங்கள். திருகாணியின் புரி போகிற பக்கமாகவே சுற்ற வேண்டும். இங்கேதான் பாதிப்பேர் பிழை விடுவார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.6 புள்ளி வரும். இதுதான் அல்பா சுருள். முதலாம் புள்ளிக்குக் கிட்ட ஐந்தாவது வந்து நிற்கிறதா? அந்த இரண்டுக்கும் இடையில்தான் ஐதரசன் பிணைப்பு. சிவப்புகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்பதையும் பாருங்கள். இரண்டாம்நிலையின் மற்ற வடிவமான பீற்றா மடிப்புத் தாளுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், விரிந்த வடலி ஓலையின் மடிப்பைப் பார்த்தால் போதும்.

அப்புறம் பென்சிலை உருவி, சுருளை நடுவில் மடியுங்கள். சிவப்பும் சிவப்பும் உள்ளே முகம் பார்க்க வேண்டும். கலத்துக்குள்ளும் தண்ணீருக்கு ஒளிந்துதான் அவை உள்ளே போகின்றன. ஒரு ஸ்ரேப்ளர் பின் அடித்தால் அது இருசல்பைட்டுப் பாலம், அதாவது இரண்டு கந்தக அணுக்களின் பிணைப்பு. மூன்றாம்நிலை முடிந்தது.

இப்படி மடிந்த இழைகள் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்தால் நான்காம்நிலை. குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினில் 141 அமினோ அமிலமுள்ள அல்பா இழை இரண்டு, 146 உள்ள பீற்றா இழை இரண்டு. தசையிலுள்ள மயோகுளோபினுக்கு ஒரே இழை, ஆகவே நான்காம்நிலையே கிடையாது. பரீட்சையில் மாட்டுகிற இடம் இது. பீற்றா இழையில் ஆறாம் புள்ளி குளுற்றமிக் அமிலம். அது வலீனாக மாறினால், ஒட்சிசன் குறையும்போது ஈமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டு, செங்குழியம் அரிவாள் போல வளைந்துவிடும்.

கடைசியாகப் பின்னைக் கழற்றி, சுருளை இழுத்துக் கசக்குங்கள். அவித்த முட்டையின் வெள்ளைக்கருவில் இழைகள் இப்படித்தான் குலைந்து சிக்குப்பட்டுக் கிடக்கின்றன. ஓலையை நீவி எண்ணிப் பாருங்கள்: 4, 8, 11, 15. சிவப்பு எதுவும் இடம் மாறியிருக்காது.