இறக்கத்தில் கியர் கழன்றால்: கியர் பொக்ஸைப் பிரித்துப் பார்க்கும் முறை

ரம்பொடை இறக்கத்தில் இரண்டாம் கியரில் வரும்போது லீவர் டக்கென்று நியூட்ரலுக்குத் துள்ளினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து டிரைவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வண்டியைப் பிடித்து வைத்திருந்த எஞ்சின் கைவிட்டுவிடும். முழுப் பாரமும் பிரேக்கில் விழும். அதனால்தான் ஹட்டனில் என் கராஜுக்கு "கியர் கழருது" என்று ஒரு வண்டி வந்தால் மற்ற வேலைகளை ஒதுக்கி வைக்கிறேன். பின்சக்கரம் இழுக்கும் ஐந்து கியர் வேன், சின்ன லொறி இவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பிரிப்பதற்கு முன் காது கொடுங்கள். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டால் உறுமல் கேட்கிறது, கிளச்சை மிதித்ததும் நிற்கிறது என்றால், முன் ஷாஃப்ட் அல்லது கீழ் ஷாஃப்ட் பெயாரிங். மிதித்தால்தான் சத்தம் என்றால் கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங். பொக்ஸை இறக்கினாலும் உள்ளே திறக்கத் தேவையில்லை. பொக்ஸைத் தாங்கும் மவுன்டிங் ரப்பரையும் அசைத்துப் பாருங்கள். அது கிழிந்திருந்தாலும் கியர் கழரும்.

ஒயிலைச் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். அடி நட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு போல் சாம்பல் பசை என்றால் சாதாரணத் தேய்மானம். செதில் குத்தினால் பல் அல்லது பெயாரிங் உடைகிறது. ஒயிலில் மஞ்சள் மினுக்கம் தெரிந்தால், கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ ரிங்கின் பித்தளை. பால் நிறம் என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இறக்கும் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். பெட்டரி வயர், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஓர் அடையாளம், ஸ்டார்ட்டர், பெல் ஹவுசிங் போல்ட். ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கேன்டர், எல்ஃப் போன்ற லொறிகள் பலவற்றில் கைப்பிரேக் பொக்ஸின் பின்னால்தான் இருக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிய நொடியே சக்கரத்துக்குக் கைப்பிரேக் கிடையாது. எங்கள் ஊரில் சமதரை கிடைப்பதே அரிது, அதனால் நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்த பிறகே அடியில் படுங்கள். பொக்ஸைப் பின்னால் இழுக்கும்போது அதன் பாரம் முன் ஷாஃப்டில் தொங்கக்கூடாது. கிளச் தட்டு வளைந்துவிடும்.

மேசையில் ஏற்றியதும் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். பக்கத்தில் முட்டை அட்டை ஒன்றை வையுங்கள். லீவரின் அசைவைக் கியருக்குக் கொண்டுபோகும் செலெக்டர் கம்பிகளைப் பிடிக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த வரிசையில் ஒவ்வொரு குழிக்குள்ளும் போகட்டும். கம்பிகளுக்கு நடுவே சின்ன ஊசித்துண்டு ஒன்று இருக்கும். அதை மறந்துவிட்டு மூடினால் இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்து பொக்ஸ் பூட்டிக்கொள்ளும். பெயாரிங்கைத் தட்டுவதென்றால் பித்தளைப் பன்ச் மட்டும்.

இனி முக்கியமான இடம். ஒவ்வொரு கியரின் பக்கத்திலும், கியரை ஷாஃப்டோடு பூட்டும் வளையமான ஸ்லீவ் ஏறிப் பிடிக்கும் சின்னப் பற்கள் வரிசையாக இருக்கும். நல்ல பல்லின் நுனி அகலமாகவும் அடி சற்றே ஒடுங்கியும் இருக்கும். அந்தச் சாய்வுதான் பாரம் வரும்போது ஸ்லீவை உள்ளே இழுத்து வைக்கிறது. அது தேய்ந்து உருண்டால் அதே பாரம் ஸ்லீவை வெளியே தள்ளும். ஏற்றத்தில் பல்லின் ஒரு முகம் வேலை செய்கிறது, இறக்கத்தில் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும்போது மறு முகம்.

தலவாக்கலைப் பக்கத்துக் கொழுந்து லொறி ஒன்று வந்தது. ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை, இறங்கும்போது மட்டும் இரண்டாம் கியர் கழன்றது. இரண்டு கராஜில் ஸ்பிரிங்கும் குண்டும் மாற்றிப் பார்த்திருந்தார்கள். கியரைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினேன். ஒரு முகத்தில் நகம் தடுக்கி நின்றது, மறு முகத்தில் வழுக்கிக்கொண்டு போனது. மலைநாட்டு வண்டியென்றால் இரண்டு முகத்தையும் நகத்தால் தடவுங்கள். தேய்ந்திருந்தால் அரம் போட்டுச் சரிசெய்யாதீர்கள். கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது, அது போனால் பல்லும் போய்விடும். கியரையும் ஹப் ஸ்லீவையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சின்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்தித் திருப்புங்கள். கவ்வ வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய வரிகள் மழுங்கியிருந்தால் வழுக்கும். அழுத்தியபடி ரிங்குக்கும் பல்லுக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விடுங்கள். பல டொயோட்டா பொக்ஸ்களில் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டியின் அளவை அதன் கையேட்டில் பாருங்கள். ஸ்லீவை நகர்த்தும் செலெக்டர் ஃபோர்க் அதன் பள்ளத்தில் ஆடினால் கியர் முழுதாக ஏறாது, பாதியில் நின்று பல்லைத் தின்னும்.

மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தில் சேறு அடைத்திருந்தால் குத்தி எடுங்கள். எத்தனை சீல் மாற்றினாலும் ஒயில் கசிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கையேடு ஜீஎல்-4 தர ஒயில் கேட்டால் அதையே ஊற்றுங்கள். டிஃபரன்ஷலுக்கு ஊற்றும் ஜீஎல்-5 ஒயிலின் கந்தகக் கலவை பித்தளையை அரிக்கக்கூடும்.

மூடியதும் மேசையிலேயே ஒவ்வொரு கியராகப் போட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். வண்டியில் ஏற்றிய பிறகு முதலில் சின்ன இறக்கம். அப்புறம் கினிகத்தேனைப் பக்கம், இரண்டாம் கியரில், பாரம் ஏற்றாமல், லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு.