தொடக்கப் பள்ளியில் நாடக விளையாட்டு: முதல் வகுப்பை எப்படி நடத்துவது?

ஆண்டு விழா நாடகத்தில் நன்றாகப் பேசும் நாலைந்து பிள்ளைகளுக்குத்தான் வசனம் கிடைக்கும். மற்றவர்கள் மரமாகவோ கூட்டமாகவோ ஓரத்தில் நிற்பார்கள். நாடக விளையாட்டில் அப்படி யாரும் ஓரத்தில் நிற்க வேண்டியதில்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடலாம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, சுமார் 30 பிள்ளைகள், ஒரு பாடவேளை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படி 1: இடமும் சைகையும்

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளுங்கள். பையும் தண்ணீர் பாட்டிலும் தரையில் கிடக்க வேண்டாம். அப்புறம் ஒரு சைகையைப் பழக்குங்கள்: நீங்கள் இரண்டு முறை கைதட்டினால் எல்லாரும் அப்படியே சிலையாகிவிட வேண்டும். இது பழகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். சைகை பழகிவிட்டால் வகுப்பு முழுக்க நீங்கள் கத்தவே வேண்டியிருக்காது.

படி 2: நடை

யாரையும் இடிக்காமல் அறை முழுக்க நடக்கச் சொல்லுங்கள். இப்போது கால் சுடும் மணல். இப்போது முழங்கால் வரை சேறு. இப்போது தலையில் தண்ணீர்க் குடம். நடக்கும்போதே, "குடம் நிறைய இருக்கா, பாதிதானா?" என்று கேளுங்கள். பதில் வாயில் வர வேண்டாம், கழுத்திலும் தோளிலும் தெரியும். ஐந்து நிமிடம் போதும்.

படி 3: கண்ணாடி

1930களில் சிகாகோவில், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்த வயோலா ஸ்போலின், மொழி தடையாக இல்லாத விளையாட்டுகளை உருவாக்கினார். கண்ணாடி விளையாட்டை நாடக வகுப்புகளில் பரப்பியவரும் அவர்தான்.

இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் அசைவார், மற்றவர் கண்ணாடி. பேச்சே கூடாது. முதலில் நீங்கள் முன்னால் நின்று அசையுங்கள், வகுப்பு முழுவதும் உங்கள் கண்ணாடியாகட்டும். பல் துலக்குவது, தலை வாருவது என்று தெரிந்த வேலைகளில் தொடங்கி, பிறகு ஜோடியாகப் பிரித்துவிடுங்கள்.

பிள்ளைகள் உடனே வேகமாகக் கையை ஆட்டி எதிரில் நிற்பவரை ஏமாற்றப் பார்ப்பார்கள். இந்த இடத்தில் விதியைத் தெளிவாகச் சொல்லுங்கள்: கண்ணாடி பின்தங்கிவிட்டால் அசைபவர்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். எனக்கு இந்த விளையாட்டு இவ்வளவு பிடிப்பதற்கு இந்த ஒரு விதியே காரணம். எதிரில் இருப்பவரைக் கவனிப்பதைப் பிள்ளைகள் உடம்பாலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

படி 4: இது துண்டு இல்லை

பத்துப் பேர் கொண்ட மூன்று வட்டங்கள். ஒரே பெரிய வட்டமாக உட்கார வைத்தால் முறை வருவதற்குள் பாதிப் பேர் சலித்துப்போவார்கள். வட்டத்துக்கு ஒரு துண்டு. அதை வாங்குபவர் வேறு ஏதாவதாக மாற்றிக் காட்ட வேண்டும். தூங்கும் குழந்தை, பாம்பு, மீன் வலை, மாஸ்டர் கையில் பறக்கும் பரோட்டா மாவு. மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். எதுவும் தோன்றாத பிள்ளை துண்டைப் பக்கத்தில் கொடுத்துவிடலாம், வற்புறுத்தாதீர்கள். அடுத்த சுற்றில் அதுவே கையை நீட்டக்கூடும்.

படி 5: கதை

பாட்டி வடை சுட்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கொரு வேடம் கொடுக்காமல், முதலில் எல்லாரும் பாட்டி, அப்புறம் எல்லாரும் காக்கா, அப்புறம் எல்லாரும் நரி. கடைசியாக நீங்கள் துண்டைத் தோளில் போட்டுப் பாட்டியாகுங்கள். "என் வடையை யாருப்பா எடுத்தது?" என்று காக்காக்களிடம் கேளுங்கள். பொய் வரும், நரியின் மேல் பழி வரும், "பசிச்சுது பாட்டி" என்றும் வரும். எதையும் திருத்தாதீர்கள், வீட்டில் பேசும் பேச்சிலேயே பேசட்டும். மனப்பாடம் செய்யாத வசனம் இப்படித்தான் பிறக்கும்.

படி 6: அடங்குதல்

கண்ணை மூடி உட்கார்ந்து, வெளியே கேட்கும் ஒலிகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு "எது பிடித்தது?" என்று கேளுங்கள். "யார் நன்றாக நடித்தார்?" என்று கேட்க வேண்டாம், பரிசும் வேண்டாம். அடுத்த வாரம் புது விளையாட்டு தேடி அலையாமல் இதையே திரும்ப ஆடுங்கள், கதையை மட்டும் மாற்றினால் போதும்.