செட்டிநாட்டில் சாம்பிளிங் ஆய்வுக் குழு நடத்துவது எப்படி? முதலில் அடுப்பை எண்ணுங்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, கூடவே நாலைந்து ஆராய்ச்சி மாணவர்களை வைத்து சாம்பிளிங் முறைகளில் (ஊர் முழுக்கக் கேட்காமல், சில வீடுகளைக் குலுக்கி எடுத்து ஊரைக் கணிப்பது) ஒரு குழு தொடங்கப் போகிறீர்களா? முதல் ஆறு மாதம் எஸ்டிமேட்டர் (சாம்பிளை வைத்து மொத்தத்தைக் கணிக்கும் சூத்திரம்) பக்கமே போகாதீர்கள். புள்ளியியலாளர் நெய்மன் சாம்பிளிங் பற்றி 1934-இல் எழுதியதும், ஹார்விட்ஸும் தாம்ஸனும் 1952-இல் கொடுத்த சூத்திரமும் எங்கும் ஓடிப்போகாது. ஒழுங்கான பட்டியல் கையில் இருக்கிறது, ஒவ்வொரு வீடும் தேர்வாகும் வாய்ப்பு தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அவை பேசுகின்றன. இங்கே சிக்கலே அந்தப் பட்டியலில்தான்.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு தெருவில் மாணவர்களை நடக்கவிடுங்கள், நீங்களும் கூடப் போங்கள் (தலைவர் அறையிலேயே உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் டீக்கடையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிவிடுவார்கள்). முகப்பு ஒரு தெருவில் இருக்கும். வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். இரண்டு தெருவையும் இரண்டு பேர் பட்டியல் போட்டால் ஒரே வீடு இரண்டு முறை ஏறிவிடும், தேர்வாகும் வாய்ப்பும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எத்தனை வாசல் பட்டியலில் ஏறியிருக்கிறது என்று பார்த்து, அந்த வீட்டின் எடையை (கணக்கில் அது எத்தனை வீட்டுக்காக நிற்கிறது என்பதை) வாசல் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் சரி.

அப்புறம் குடும்பம். நம் கணக்கெடுப்புகளில், வழக்கமாகச் சேர்ந்து தங்கி ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். நகரத்தார் வீட்டிலோ கல்யாணமான மகனை வேறு வைக்கும் பழக்கம் உண்டு. கூரை ஒன்று, அடுப்பும் வரவுசெலவும் வேறு. கோயில் கணக்கிலும் தம்பதியைத்தான் ஒரு புள்ளியாக எண்ணுவார்கள். ஆகவே கதவைத் தட்டியதும் "எத்தனை பேர் இருக்கீங்க" என்று ஆரம்பிக்காமல், "ஆச்சி, இங்கெ எத்தனை அடுப்பு எரியுது?" என்று கேட்கப் பழக்குங்கள். மூன்று என்றால் மூன்றையும் எடுங்கள், இல்லையென்றால் குலுக்கலில் ஒன்றை எடுத்து எடையை மூன்றால் பெருக்குங்கள். நன்றாகப் பேசுகிற ஆச்சியின் அடுப்பைத் தேர்ந்தெடுப்பது சாம்பிளிங் ஆகாது.

பூட்டிய வீடுதான் பெரிய தலைவலி. சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோருக்குப் படையலிடும் சடங்கு) வந்து போவார்கள். அங்கே வழக்கமாகத் தங்காதவர்களை 'பதில் தரவில்லை' என்று எழுதக்கூடாது. ஆனால் உடனே காலி வீடு என்று டிக் அடித்துவிட்டும் நகராதீர்கள், பின்பக்கம் போய்ப் பாருங்கள். முன்கதவில் துருவேறிய பூட்டு, பின்கட்டுக் கொடியில் ஈரத் துணி. காவலுக்கு இருப்பவரும் மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான் குடியிருப்பார்கள். அவர்களை விட்டால் உங்கள் வருமானக் கணக்கு ஒரு பக்கமாகச் சாயும்.

வேலைக்குப் போனதால் ஆள் கிடைக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்கவே கூடாது. வேறு வேறு நேரத்தில் திரும்பப் போகவேண்டும். அப்படியும் கிடைக்காதவர்களில் மூன்றில் ஒருவரைக் குலுக்கி எடுத்து, எப்படியாவது பிடித்துப் பேசி, மூன்றால் பெருக்கலாம். ஹான்ஸனும் ஹர்விட்ஸும் 1946-இல் சொன்ன வழிதான்.

பணம் எங்கே போகிறது என்றும் பாருங்கள். ஆட்டோக் காசை மிச்சம் பிடிக்க ஒரே தெருவில் 11 வீடு எடுப்பார்கள். ஒரே தெரு வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு 0.1 என்று வைத்தால், புள்ளியியலாளர் கிஷ் சொன்ன டிசைன் எஃபெக்ட் (சாம்பிள் எடுத்த விதத்தால் விடையின் மாறுபாடு எத்தனை மடங்காகிறது என்ற எண்) 1 + (11 − 1) × 0.1 = 2; அதாவது 440 வீடு ஏறி இறங்கியும், நேரடியாகக் குலுக்கி எடுத்த 220 வீட்டுத் துல்லியம்தான் கிடைக்கும்.

குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரே ஊரில் தனித்தனி சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வழி இது. இரண்டு விடையும் சாம்பிள் பிழைக்கு (குலுக்கலால் தானாக வரும் வித்தியாசத்துக்கு) மீறி விலகினால், கேட்ட விதத்தில் கோளாறு.

இதெல்லாம் முடிந்தபின் சூத்திரத்துக்கு வரலாம். முழுசாகப் பட்டியல் போட்ட ஒரு ஊரையே முழுத்தொகையாக வைத்து, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஆயிரம் முறை சாம்பிள் எடுத்து எஸ்டிமேட்டர்களை மோதவிட்டால், ஆளுக்கொரு ஆய்வுத் தலைப்பு கிடைத்துவிடும். கணினியில் ஏற்றும் முன் பெயரையும் கதவு எண்ணையும் நீக்கிவிடுங்கள். எந்த வீட்டில் ஆளில்லை என்ற பட்டியல் வெளியே போனால் முதலில் படிப்பவன் திருடனாகத்தான் இருப்பான்.